கூடுதல் கட்டண எண்ணுக்கு வரும் அழைப்புகளை அலுவலக பிபிஎக்ஸில் கையாள்வது எப்படி?

கேட்டது இதுதான்: பன்னிரண்டு எக்ஸ்டென்ஷன்கள் (உள் தொலைபேசி இணைப்புகள்) கொண்ட சிறிய அலுவலகம், ஆஸ்டரிஸ்க் என்ற மென்பொருளின் மேல் ஓடும் பிபிஎக்ஸ் (அலுவலகத்தின் சொந்தத் தொலைபேசி இணைப்பகம்), வெளி அழைப்புகளை இணையம் வழியாகக் கொண்டுவரும் எஸ்ஐபி டிரங்க் ஒன்று. இதுவரை சாதாரண எண்கள் மட்டுமே இருந்தன. இப்போது மென்பொருள் ஆலோசனைக்கென்று, அழைப்பவரிடம் நிமிடக் கணக்கில் கூடுதல் கட்டணம் வாங்கும் எண் ஒன்றை எடுத்திருக்கிறார்கள். அந்த எண்ணுக்கு வரும் அழைப்பு நான்கு ஆலோசகர்களுக்கு மட்டும் போக வேண்டும். காத்திருக்கும் நேரத்துக்குக் காசு பிடிக்கக் கூடாது. அலுவலகம் மூடியிருக்கும்போது அழைத்தவருக்கு எதுவும் செலவாகக் கூடாது. இதற்கு பிபிஎக்ஸில் எந்த அமைப்பை இயக்க வேண்டும்?

அப்படி ஓர் அமைப்பு எந்த பிபிஎக்ஸிலும் இல்லை. பட்டியல் பட்டியலாகத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். அழைப்பவர் எவ்வளவு கட்டுகிறார் என்பது உங்கள் பெட்டிக்குத் தெரியவே தெரியாது. அவருடைய தொலைபேசி நிறுவனம் அவருடைய பில்லில் தொகையைச் சேர்க்கிறது. தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை, எண்ணைத் தந்த நிறுவனத்துக்கு அனுப்புகிறது. அந்த நிறுவனம் தன் பங்கு போக எஞ்சியதை உங்கள் கணக்கில் போடுகிறது. அமெரிக்காவின் 900, பிரிட்டனின் 09, ஜெர்மனியின் 0900, பன்னாட்டு எண்ணான +979 என்று முன்னொட்டு எதுவானாலும் பணம் போகும் பாதை இப்படித்தான். இந்தச் சங்கிலியில் உங்கள் பிபிஎக்ஸின் கையில் இருப்பது ஒரே ஒரு கணம்: அழைப்பு எடுக்கப்பட்டது என்று அது அறிவிக்கும் கணம்.

ஐஎஸ்டிஎன் என்ற டிஜிட்டல் தொலைபேசி இணைப்பில் அதன் பெயர் 'கனெக்ட்'. எஸ்ஐபியில் '200 ஓகே'. அந்தச் செய்தி உங்கள் பக்கத்திலிருந்து கிளம்பினால் கல்லாப்பெட்டி திறந்துவிட்டது என்று பொருள். அதை அனுப்பியது ஆலோசகரா, 'ஒன்றை அழுத்தவும்' என்று சொல்லும் ஐவிஆரா, வாய்ஸ்மெயிலா, ஆளில்லாத நாற்காலியின் எதிரில் தானாக எடுத்துக்கொள்ளும் ஹெட்செட்டா என்று வலையமைப்பு பார்ப்பதில்லை. நீங்கள் செய்யப்போகும் வேலை முழுவதும் ஒரே கேள்விக்குள் அடங்கும்: 200 ஓகேயை அனுப்பும் உரிமை யாருக்கு? நான்கு ஆலோசகர்களின் கை ரிசீவரைத் தொட்டால் மட்டுமே அது கிளம்ப வேண்டும். மற்ற எதற்கும் அந்த உரிமை இருக்கக் கூடாது.

உங்களிடம் எஸ்ஐபி டிரங்க் இருப்பது நல்லதாயிற்று. பழைய அனலாக் லைன்களில் இந்த வேலை நடக்காது. அனலாக் லைனில் பிபிஎக்ஸ் ஒரு ஓசையை அனுப்ப வேண்டுமென்றால் முதலில் லைனை எடுத்தாக வேண்டும். எடுத்தாலே பதில் சொன்னதாகத்தான் கணக்கு. அழைப்பவர் வரவேற்புச் செய்தியின் முதல் சொல்லைக் கேட்பதற்குள் கட்டணம் ஓடத் தொடங்கியிருக்கும். அனலாக் மட்டுமே உள்ள இடங்களில் இலவச முன்னறிவிப்பை எண்ணைத் தந்த நிறுவனமே தன் பக்கத்தில் ஒலிக்கச் செய்ய வேண்டும். ஐஎஸ்டிஎன், எஸ்ஐபி இரண்டிலும் பதில் சொல்வதற்கு முன்பே ஓசையை அனுப்ப வழி உண்டு. அதை விரிவாகப் பார்ப்போம். அதற்கு முன் எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை.

கூடுதல் கட்டண எண் பெரும்பாலும் நேரடியாக உங்கள் டிரங்குக்கு வருவதில்லை. எண்ணைத் தந்த நிறுவனம் அதைத் தன் பக்கத்தில் ஒரு சாதாரண எண்ணாக மாற்றி உங்களிடம் இறக்கும். அந்த இறங்கு எண் வேறு எதற்கும் பயன்படாத தனி எண்ணாக இருக்கட்டும். வரவேற்பு மேசை எண்ணிலேயே இறக்கினால் எது கட்டண அழைப்பு, எது சாதாரண அழைப்பு என்று பிரிக்க முடியாது. சில நிறுவனங்கள் முதலில் அழைக்கப்பட்ட எண்ணை 'டைவர்ஷன்' அல்லது 'ஹிஸ்டரி-இன்ஃபோ' என்ற தலைப்பில் (அழைப்போடு வரும் தகவல் வரியில்) வைத்து அனுப்பும். அதைப் படித்துப் பிரிக்கலாம்தான். ஆனால் தலைப்பு ஒருநாள் வராமல் போனால் எல்லா அழைப்பும் தவறான இடத்துக்குப் போகும். தனி எண் அப்படி ஏமாற்றாது. இன்னொன்று, இறங்கு எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள். அது வெளியே தெரிந்துவிட்டால் வாடிக்கையாளர்கள் சாதாரணக் கட்டணத்தில் அதற்கே நேராக அழைப்பார்கள். ஆலோசகரும் உழைப்பார், வரவு இருக்காது. அலுவலகத்திலிருந்து வெளியே போகும் அழைப்புகளில் இந்த எண் அழைப்பாளர் எண்ணாகத் தெரிகிறதா என்றும் பாருங்கள். இறங்கு எண் வெளியே கசிவது பெரும்பாலும் அந்த வழியாகத்தான்.

இனி முன்னறிவிப்பு. எஸ்ஐபியில் '183 செஷன் ப்ரோக்ரஸ்' என்றொரு இடைக்காலச் செய்தி உண்டு. 'இன்னும் எடுக்கவில்லை, ஆனால் கேட்பதற்கு ஓசை ஒன்று இருக்கிறது' என்பது அதன் பொருள். ஆஸ்டரிஸ்கில் 'ப்ரோக்ரஸ்' என்ற கட்டளை அதை அனுப்பும். அதன் பின் 'ப்ளேபேக்' கட்டளையை 'நோஆன்சர்' என்ற விருப்பத்தோடு கொடுத்தால் பதிவுசெய்த குரல் கட்டணமில்லாமல் அழைப்பவரின் காதுக்குப் போகும். 'நோஆன்சர்' இல்லாமல் 'ப்ளேபேக்' கொடுத்தால் அது முதலில் அழைப்பை எடுத்துவிட்டுத்தான் ஒலிக்கும். ஒரு சொல் விட்டுப்போனதால் கல்லாப்பெட்டி திறந்துகொள்ளும் இடம் இது. ஆஸ்டரிஸ்கை உலாவி வழியாக அமைக்க உதவும் ஃப்ரீபிபிஎக்ஸின் வலைத்திரையில் அமைப்பவர்களுக்கு அறிவிப்புப் பகுதியில் 'டோன்ட் ஆன்சர் சேனல்' என்ற தேர்வு இருக்கிறது. அதை இயக்கினால் போதும்.

அறிவிப்பில் யார் பேசுகிறோம், நிமிடத்துக்கு எவ்வளவு, எப்போதிலிருந்து கட்டணம் தொடங்கும், இப்போதே வைத்துவிட்டால் செலவில்லை என்ற நான்கும் இருக்கட்டும். இது மரியாதைக்காக மட்டும் சொல்வதல்ல, பல நாடுகளில் சட்டமும் இதைத்தான் கேட்கிறது. அமெரிக்காவின் 900 எண்களுக்கான 1993ஆம் ஆண்டு விதி, முன்னறிவிப்பு முடிந்ததைக் காட்டும் ஓசைக்குப் பிறகு மூன்று விநாடிக்குள் வைத்துவிட்டால் கட்டணம் கூடாது என்கிறது. ஜெர்மனியில் கட்டணம் தொடங்குவதற்குக் குறைந்தது மூன்று விநாடி முன்பே விலையைச் சொல்லி முடித்திருக்க வேண்டும். அறிவிப்பு முடிந்தபின் மூன்று விநாடி மௌனத்தையோ சிறு மணியோசையையோ நீங்களும் சேர்த்துவிடுங்கள். எந்த நாட்டு விதி கேட்டாலும் கேட்காவிட்டாலும் அது நல்ல பழக்கம். விலையைக் கேட்டு வைத்துவிடுபவர் அப்போதே வைத்துவிடட்டும். பில்லைப் பார்த்துவிட்டுச் சண்டைக்கு வருபவரைவிட அவர் எவ்வளவோ மேல்.

முன்னறிவிப்பை ஐவிஆராக்கும் ஆசை உங்களுக்கு வரும். 'மென்பொருள் நிறுவலுக்கு ஒன்று, தரவு மீட்புக்கு இரண்டு' என்று பிரிக்கலாமே என்று தோன்றும். பதில் சொல்வதற்கு முந்தைய நிலையில் அது நம்பத்தக்கதாக வேலை செய்யாது. அழைப்பு எடுக்கப்படும்வரை பல வலையமைப்புகள் பேச்சுப் பாதையை ஒரே திசையில், உங்களிடமிருந்து அவருக்கு மட்டும், திறந்து வைக்கும். அவர் பட்டனை அழுத்தினாலும் அந்த ஓசை உங்களை வந்து சேராது. ஒரு நிறுவனத்தின் இணைப்பிலிருந்து சோதித்துப் பார்க்கும்போது வேலை செய்யும், இன்னொரு கைப்பேசி நிறுவனத்திலிருந்து அழைத்தால் செய்யாது. பிரிவுகள் வேண்டுமென்றால் பிரிவுக்கொரு எண் எடுங்கள். அல்லது நான்கு ஆலோசகர்களும் எல்லாவற்றையும் கேட்டுப் பிரித்துக்கொள்ளட்டும். நான்கு பேருக்கு ஐவிஆர் தேவையில்லை என்பது என் கருத்து.

அறிவிப்பு முடிந்ததும் அழைப்பு வரிசைக்குப் போகிறது. ஆஸ்டரிஸ்கின் 'கியூ' கட்டளை தானாக அழைப்பை எடுப்பதில்லை. ஏற்கெனவே 'ப்ரோக்ரஸ்' அனுப்பியிருப்பதால் காத்திருப்பு இசையும் முன்னோசையாகவே, அதாவது பதில் சொல்வதற்கு முந்தைய ஓசையாகவே, போகும். ஆலோசகர் எடுத்து இரண்டு முனைகளும் இணையும்போதுதான் 200 ஓகே கிளம்பும். நமக்கு வேண்டியது இதுவே. ஆனால் ஃப்ரீபிபிஎக்ஸ் வழக்கமாக வரிசைக்குள் நுழையும்போதே அழைப்பை எடுத்துவிடும். சாதாரண அலுவலகத்துக்கு அது சரியான நடத்தை. உங்களுக்குச் சரியில்லை. வரிசையின் அமைப்பில் 'கியூ நோ ஆன்சர்' என்பதை 'யெஸ்' ஆக்குங்கள். அந்தத் தேர்வுக்குப் பக்கத்திலேயே 'பெரும்பாலும் நோ என்றே விடவும்' என்ற தொனியில் ஓர் எச்சரிக்கை இருக்கும். அது உங்களைப் பார்த்துச் சொன்னதல்ல.

வரிசையில் எவ்வளவு நேரம் காக்கவைக்கலாம்? இலவசம்தானே என்று பத்து நிமிடம் வைக்க முடியாது. எடுக்கப்படாத அழைப்பை வலையமைப்புகள் நீண்ட நேரம் பொறுத்துக்கொள்வதில்லை. எஸ்ஐபியின் அடிப்படை ஆவணமான ஆர்எஃப்சி 3261, இடையிலுள்ள ப்ராக்ஸிகளின் (அழைப்பைக் கடத்திவிடும் சர்வர்களின்) காத்திருப்புக் கடிகாரம் மூன்று நிமிடத்துக்கு மேல் இருக்க வேண்டும் என்கிறது. அழைக்கப்பட்டவர் நிமிடத்துக்கொரு முறை இடைக்காலச் செய்தியை மறுபடி அனுப்பிக் கடிகாரத்தைத் திருப்பி வைக்கலாம் என்றும் சொல்கிறது. ஏட்டில் அப்படி. உங்கள் டிரங்குக்கு அப்பால் இருக்கும் கைப்பேசி நிறுவனங்கள் தங்கள் விருப்பப்படி முன்கூட்டியே துண்டிக்கும். நான் அமைக்கும் இடங்களில் அறிவிப்பு இருபது விநாடிக்குள், வரிசை நாற்பது விநாடிக்குள் என்று வைத்துக்கொள்கிறேன். அதற்குள் யாரும் எடுக்கவில்லையென்றால் 'எல்லோரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள், உங்களுக்குச் செலவில்லை, சற்றுப் பொறுத்து அழையுங்கள்' என்று முன்னோசையிலேயே சொல்லிவிட்டு 'ஹேங்அப்' கட்டளையைக் காரண எண் 17 உடன் கொடுங்கள். 17 என்றால் லைன் வேலையாக இருக்கிறது என்று பொருள். எஸ்ஐபியில் அது 486 ஆக மாறிப் போகும். அழைப்பு எடுக்கப்படாமலே முடிந்துவிடும். இதற்குப் பதிலாக எல்லோரையும் எடுத்து இசை கேட்கவைத்துக் காசு பார்க்கும் நிறுவனங்களும் இருந்தன. அந்த வழக்கத்துக்காகவே ஜெர்மனி 2013 ஜூன் முதல் நிமிடக் கணக்கிலான சிறப்பு எண்களில் காத்திருப்புக்குக் கட்டணம் கூடாது என்று விதித்தது.

அலுவலக நேரத்துக்கு வெளியே வரும் அழைப்புக்கும் இதே வழிதான். நேர நிபந்தனையை அறிவிப்புக்கும் முன்னால் வையுங்கள். மூடியிருக்கிறோம் என்று முன்னோசையில் ஒரு வரி, பிறகு 17. வாய்ஸ்மெயில் வேண்டாம். 'செய்தியை விடுங்கள்' என்று கேட்பதற்குக் கூடுதல் கட்டணம் வாங்குவது எந்தக் கண்ணுக்கும் அழகாகத் தெரியாது.

வாய்ஸ்மெயில் என்றதும் ஞாபகம் வருகிறது. நானே சறுக்கிய இடம் இது. ஓர் அலுவலகத்துக்கு மேலே சொன்னபடி எல்லாம் செய்துகொடுத்தேன். ஆலோசகர்களில் ஒருவர் வீட்டிலிருந்து வேலை செய்பவர், அவருடைய கைப்பேசி எண்ணை வரிசையில் வெளி உறுப்பினராகச் சேர்த்திருந்தோம். ஒரு மாதம் கழித்து, பேசாத பேச்சுக்குக் காசு பிடித்துவிட்டதாக ஏழெட்டுப் புகார்கள். பதிவேட்டைப் பார்த்தால் எல்லாம் அவருக்குப் போன அழைப்புகள், ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. விஷயம் இவ்வளவுதான்: அவர் கைப்பேசியை அணைத்து வைத்திருக்கும்போது, அவருடைய கைப்பேசி நிறுவனத்தின் வாய்ஸ்மெயில் அழைப்பை எடுத்தது. பிபிஎக்ஸின் கண்ணுக்கு ஆலோசகர் எடுத்தாயிற்று. உடனே இரண்டு முனைகளையும் இணைத்து 200 ஓகேயை அனுப்பியது. அழைத்தவர்கள் காசு கொடுத்து 'நீங்கள் அழைக்கும் நபர்' என்ற பதிவுக் குரலைக் கேட்டார்கள். அலுவலகம் அந்தத் தொகைகளைத் திருப்பிக் கொடுத்தது, எனக்குத் தலைகுனிவு.

இதற்குத் தீர்வு எளிது. வெளி எண்ணுக்குப் போகும் எந்த அழைப்பும் உறுதிப்படுத்தல் கேட்க வேண்டும்: 'கட்டண அழைப்பு, ஏற்க ஒன்றை அழுத்துங்கள்'. மனிதர் அழுத்துவார், வாய்ஸ்மெயில் அழுத்தாது. ஃப்ரீபிபிஎக்ஸில் ரிங் குரூப்பிலும் (பல எண்களைச் சேர்த்து அடிக்கவைப்பது) ஃபாலோ-மீயிலும் (ஆலோசகரின் வேறு எண்ணுக்கும் அழைப்பை அனுப்புவது) 'கன்ஃபர்ம் கால்ஸ்' என்று இருக்கிறது. கையால் எழுதுபவர்கள் 'டயல்' கட்டளையின் 'யு' விருப்பத்தைக் கொண்டு, எடுத்த முனையில் மட்டும் ஒரு சிறு துணைநிரலை ஓட்டலாம். அது முடியும்வரை அழைப்பவரின் முனை எடுக்கப்படாமலே இருக்கும். உள் எக்ஸ்டென்ஷன்களிலும் இதே ஓட்டை இருக்கிறது. ஆலோசகர் தன் மேசைத் தொலைபேசியைக் கைப்பேசிக்குத் திருப்பிவிட்டுச் சாப்பிடப் போனால் கதை மறுபடி தொடங்கும். வரிசையில் வெளி எண் எதுவும் இல்லையென்றால், அதன் 'ஏஜென்ட் ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்' பகுதியில் எக்ஸ்டென்ஷன்கள் மட்டும் என்று கட்டிவிடுங்கள், திருப்பிவிடுதல் வேலை செய்யாது. தானாக எடுத்துக்கொள்ளும் ஹெட்செட் வசதியை இந்த நால்வருக்கும் அணைத்துவிடுங்கள். மணி அடித்தும் எடுக்காதவரை வரிசையே ஓய்வுக்கு அனுப்பும் 'ஆட்டோபாஸ்' அமைப்பை இயக்கி வையுங்கள், அடுத்த அழைப்பு காலி நாற்காலியில் நேரத்தைக் கழிக்காது.

எடுத்த பிறகு வரும் சிக்கல்கள் வேறு வகை. ஆலோசகருக்கு இது கட்டண அழைப்பு என்று எடுப்பதற்கு முன்பே தெரிய வேண்டும். அழைப்பாளர் பெயருக்கு முன்னால் ஒரு சொல்லைச் சேர்ப்பதும் 'அலர்ட்-இன்ஃபோ' வழியாக வேறு மணியோசை கொடுப்பதும் வரும் பாதையின் அமைப்பிலேயே உண்டு. தெரிந்தால்தான் அவர் 'ஒரு நிமிடம் இருங்கள்' என்று ஹோல்டில் போடாமல் இருப்பார். ஹோல்டில் போனால் 200 ஓகேயைத் திரும்பப் பெற முடியாது. இசை கேட்பவரின் கட்டணம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். நீண்ட நேரம் தேடிப் பார்க்க வேண்டிய கேள்வியா? எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டு, அழைப்பை முடித்து, அலுவலகச் செலவில் திரும்ப அழைக்கச் சொல்லுங்கள். இது பிபிஎக்ஸில் அமைக்கும் விஷயமல்ல, ஆலோசகருக்குப் பழக்க வேண்டியது. ஆனால் பாதி புகார்கள் இங்கேதான் பிறக்கின்றன.

டிரான்ஸ்ஃபரை மூடிவிடுவது நல்லது. 'கியூ', 'டயல்' கட்டளைகளில் 'டி' விருப்பத்தை எடுத்துவிட்டால் மட்டும் போதாது. எஸ்ஐபி தொலைபேசிகளின் சொந்த டிரான்ஸ்ஃபர் பட்டன் அதைச் சட்டை செய்யாது. ஆஸ்டரிஸ்கின் எஸ்ஐபிப் பகுதியான பிஜேசிப்பில், அந்தத் தொலைபேசிக்குரிய அமைப்பான எண்ட்பாயின்டில் 'அலோ டிரான்ஸ்ஃபர்' என்பதை 'நோ' ஆக்கினால் அதுவும் நிற்கும். ஆலோசகர்கள் சாதாரண அழைப்புகளைத் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளத்தான் வேண்டுமென்றால் அவற்றுக்கும் கட்டண அழைப்புகளுக்கும் தனித்தனி எக்ஸ்டென்ஷன் கொடுத்துவிடுங்கள்.

கால வரம்பு அவசியம் வையுங்கள். ஜெர்மனியில் அறுபது நிமிடத்தில் இணைப்பைத் துண்டித்தாக வேண்டும் என்பது சட்டம். அப்படிச் சட்டம் இல்லாத இடத்திலும் ரிசீவரைச் சரியாக வைக்காமல் தூங்கிப்போன ஒருவர் மாதச் சம்பளத்தை ஓர் இரவில் இழக்க விடக் கூடாது. 'டயல்' கட்டளையின் 'எல்' விருப்பத்தில் 1200000:60000:30000 என்று கொடுத்தால் இருபது நிமிடத்தில் அழைப்பு முடியும். கடைசி நிமிடத்தில் எச்சரிக்கை ஒலிக்கும், பிறகு முப்பது விநாடிக்கொரு முறை அது திரும்பும். எண்கள் மில்லி விநாடியில். 'கியூ' கட்டளைக்கு இந்த விருப்பம் கிடையாது. வரிசையில் நுழையும் முன் 'டைம்அவுட்' செயற்கூறின் 'அப்சல்யூட்' மதிப்பை விநாடியில் கொடுக்கலாம். ஆனால் எச்சரிக்கை எதுவும் ஒலிக்காது, காத்திருந்த நேரமும் அதற்குள் சேர்ந்துகொள்ளும் என்பதை மறக்க வேண்டாம். எச்சரிக்கை வேண்டுமென்றால் வரிசை உறுப்பினர்களை லோக்கல் சேனல் (ஆஸ்டரிஸ்குக்குள்ளேயே அழைப்பைச் சுற்றிவிடும் பாதை) வழியாக அழைத்து, அங்கே 'எல்' உடன் 'டயல்' போடுங்கள். சற்றுச் சுற்றுவழிதான், ஆனால் நான் அதையே விரும்புகிறேன்.

செத்த அழைப்புகளும் உண்டு. ஆலோசகரின் சாஃப்ட்போன் (கணினியில் ஓடும் தொலைபேசி) இணையத்தை இழந்துவிட்டால் வாடிக்கையாளருக்கு மௌனம் மட்டும் கேட்கும், கட்டணம் ஓடும். பிஜேசிப்பில் 'ஆர்டிபி டைம்அவுட்' மதிப்பை ஆலோசகர்களின் எண்ட்பாயின்டில் வைத்தால், அந்தப் பக்கத்திலிருந்து குறிப்பிட்ட விநாடிகளுக்குக் குரல் பொட்டலமே வராதபோது அழைப்பு முடிந்துவிடும். முப்பது விநாடி வைக்கலாம். ஆனால் தொலைபேசியில் 'சைலன்ஸ் சப்ரஷன்' இயங்கினால், ஆலோசகர் வெறுமனே கேட்டுக்கொண்டிருக்கும்போது பொட்டலம் வராமல் நல்ல அழைப்பே அறுந்துவிடும். முதலில் அதை அணையுங்கள், பிறகு இதை இயக்குங்கள்.

மோசடியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கூடுதல் கட்டண எண் இருக்கும் இடத்தில் திருடன் இரண்டு பக்கமும் நிற்பான். ஒருவன் உங்கள் பிபிஎக்ஸை உடைத்து, உலகத்தின் ஏதோ ஒரு மூலையிலுள்ள தன் கட்டண எண்ணுக்கு இரவெல்லாம் அழைப்பான். வெளிச்செல்லும் பாதைகளில் கட்டண முன்னொட்டுகளையும் உங்களுக்குத் தேவையில்லாத வெளிநாட்டுக் குறியீடுகளையும் இன்றே தடைசெய்யுங்கள். இன்னொருவன் உங்கள் எண்ணுக்கே செயற்கையாக அழைப்புகளைக் குவிப்பான். வரவு வருகிறதே என்று மகிழ வேண்டாம். அந்த அழைப்புகள் வேறு யாரோ ஒருவரின் உடைக்கப்பட்ட தொலைபேசியிலிருந்தோ திருட்டு சிம்மிலிருந்தோ வந்தவையாக இருக்கும். அவர்களின் நிறுவனம் பணத்தை நிறுத்திவைக்கும், விசாரணை உங்கள் பெயரில் நடக்கும். வேலியே பயிரை மேய்வதும் உண்டு: பங்குத்தொகை பெறும் ஆலோசகர் நண்பரின் அலுவலகத் தொலைபேசியிலிருந்து தன்னையே அழைத்துக்கொள்வார். 'குரூப்' செயற்கூற்றைக் கொண்டு ஒரே நேரத்தில் நான்கு அழைப்புக்கு மேல் உள்ளே விடாதீர்கள். ஒரே எண்ணிலிருந்து ஒரு நாளில் எத்தனை அழைப்பு, மொத்தம் எத்தனை நிமிடம் என்று ஆஸ்டரிஸ்கின் உள் தரவுத்தளத்தில் எண்ணி, வரம்பு மீறினால் 17 கொடுத்து அனுப்புங்கள். எண்ணை மறைத்து அழைப்பவரிடமும் கட்டணம் பிடிக்கப்படும், ஏனெனில் அவருடைய நிறுவனத்துக்கு அவர் யாரென்று தெரியும். உங்களால்தான் எண்ண முடியாது. அப்படிப்பட்டவர்களை ஏற்பதா வேண்டாமா என்பதை முன்பே முடிவுசெய்துகொள்ளுங்கள்.

கணக்கு சரிபார்ப்பது இந்த அமைப்பில் எளிதாகிவிடும். ஆஸ்டரிஸ்கின் அழைப்புப் பதிவேட்டில் 'டியூரேஷன்', 'பில்செக்' என்று இரண்டு காலங்கள் இருக்கின்றன. முதலாவது அழைப்பு வந்ததிலிருந்து, இரண்டாவது எடுத்ததிலிருந்து. ஐவிஆர் எடுக்கும் வழக்கமான அலுவலகத்தில் 'பில்செக்' யாருக்கும் பயன்படாத எண். உங்கள் இடத்தில் ஆலோசகர் எடுத்தால்தான் அழைப்பு எடுக்கப்பட்டதாகும் என்பதால், அது அப்படியே கட்டணம் விழுந்த நேரம். கட்டண அழைப்புகளுக்குத் தனி 'அக்கவுன்ட்கோட்' வைத்து, மாதக் கடைசியில் எண்ணைத் தந்த நிறுவனத்தின் அறிக்கையோடு ஒப்பிடுங்கள். முழுநிமிடமாக்கும் முறையால் சிறு வேறுபாடு வரும். அதற்கு மேல் வந்தால் கேளுங்கள். கணினியின் கடிகாரம் என்டிபி என்ற இணைய நேரச் சேவையோடு ஒத்திசைந்திருக்கட்டும், இல்லாவிட்டால் எந்த வரி எந்த வரிக்கு என்றே பொருத்த முடியாது.

விதிமுறைகளை எண்ணைத் தந்த நிறுவனத்தின் ஒப்பந்தத்திலும் உங்கள் நாட்டின் கட்டுப்பாட்டு அமைப்பிடமும் நேரடியாகப் படியுங்கள். பழைய கையேடுகளை நம்ப வேண்டாம். பிரிட்டனில் இந்த எண்களைக் கண்காணித்துவந்த ஃபோன்-பெய்ட் சர்வீசஸ் அத்தாரிட்டியின் பொறுப்புகள் 2025 பிப்ரவரியில் அந்நாட்டின் தொலைத்தொடர்புக் கட்டுப்பாட்டு அமைப்பான ஆஃப்காமுக்குப் போய்விட்டன. அதற்கு முந்தைய வழிகாட்டிகள் இன்னும் எங்கும் கிடக்கின்றன.

கடைசியாகச் சோதனை. முதல் கட்டத்தில் இறங்கு எண்ணுக்கு ஒரு கைப்பேசியிலிருந்து அழையுங்கள், செலவு குறைவு. கைப்பேசித் திரையில் பேச்சு நேரம் எப்போது ஓடத் தொடங்குகிறது என்று பாருங்கள். எடுக்கப்பட்டது என்ற செய்தி வந்த பிறகுதான் அந்த எண்கள் ஓடும், அதைவிடச் சிறந்த அளவுகோல் உங்களுக்குக் கிடைக்காது. அறிவிப்பின்போது ஓடக் கூடாது, இசையின்போது ஓடக் கூடாது, ஆலோசகர் எடுத்த கணத்தில் ஓட வேண்டும். பிபிஎக்ஸ் பக்கத்தில் எஸ்ஐபிச் செய்திகளைக் காட்டும் பிஜேசிப் லாகரை இயக்கி, 183க்கும் 200க்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்பதையும் பாருங்கள். பிறகு அசல் கட்டண எண்ணுக்கு, கிடைக்கும் எல்லா நிறுவனங்களின் இணைப்பிலிருந்தும் ஒவ்வொரு முறை அழையுங்கள். சிலவற்றில் முன்னோசை கேட்காமல் வெறும் மணியோசை மட்டும் கேட்கலாம். அப்படியானால் அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர்களுக்கு விலை அறிவிப்பு போய்ச் சேரவில்லை, எண்ணைத் தந்த நிறுவனத்தையே அறிவிப்பை ஒலிக்கச் சொல்லுங்கள். நான்கு பேரையும் எழுந்து போகச் சொல்லிவிட்டு ஒரு முறை, கைப்பேசி ஆலோசகரின் கருவியை அணைத்துவிட்டு ஒரு முறை, இரவு பத்து மணிக்கு ஒரு முறை. இந்த மூன்றில் எதிலாவது திரையில் விநாடி ஓடினால் எண்ணை விளம்பரத்தில் போடாதீர்கள். ஃப்ரீபிபிஎக்ஸை மேம்படுத்தும் ஒவ்வொரு முறையும் இதே மூன்று அழைப்புகளைத் திரும்பச் செய்யுங்கள்.